சிப்பி ஊசியின் பின்பக்கம்

மச்சான்,

குசினியில் புளி ஊறுகிறது. கார்த்திகை விளக்கீட்டுக்கு இன்னும் நாலு நாள்தான். வீட்டுக்காரி பித்தளை விளக்குகளை எல்லாம் இறக்கி வரிசையாக வைத்துவிட்டாள். அந்தப் புளி வாசம் இந்தக் கராஜ் வரைக்கும் வருகிறது. போன வருடம் இதே நாளில் நானாகப் போய் ஓவர்டைம் கேட்டு வாங்கி, வீட்டை விட்டு ஓடிவிட்டேன். இந்த முறை வேர்ஹவுஸில் ஓவர்டைம் இல்லை என்றுவிட்டார்கள். அதனால் நீ வாடகைக்கு இருந்த இந்தக் கராஜ் அறையில், உன் கட்டிலில் குந்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். "பள்ளிக்கூடம் உன்னைக் கலைச்சதோ, நீ பள்ளிக்கூடத்தைக் கலைச்சியோ" என்று கேட்டவன் நீ. இரண்டும்தான்.

மனுரேவாவில் நீ எங்கள் வேர்ஹவுஸுக்கு வேலைக்கு வந்த முதல் கிழமையே, வாடகைக்கு அறை தேடுகிறாய் என்று கேள்விப்பட்டு உன்னை இங்கே கூட்டி வந்தேன். ஒரு பெட்டி உடுப்பும் ஒரு பிஸ்கற் டின்னும்தான் கொண்டுவந்தாய். அரிசி மாவோ, மருந்தோ என்று நினைத்து மூடியைத் திறந்தேன். உள்ளே பொம்பிளைகள் சட்டையில் குத்துகிற அலங்கார ஊசிகள். சிப்பியில் செய்த நட்சத்திரம், வெள்ளியில் பெரணி இலை, தொப்பியில் இருக்கிற பட்டாளச் சின்னத்தைச் சின்னதாக்கிச் செய்த ஒன்று, உடைந்த விமானத்தின் கண்ணாடியை அராவிச் செய்த ஒரு சோடிச் சிறகு.

"என்ன மச்சான், நகைக்கடை துறக்கப் போறியோ?"

"இல்லை. இதெல்லாம் சண்டைக்குப் போனவங்கள் குடுத்திட்டுப் போனது."

"ஆருக்கு?"

"நிண்டவைக்கு," என்றாய்.

இந்த நாட்டுப் பையன்கள் இரண்டாம் உலக யுத்தம் என்கிற பெரிய சண்டைக்குக் கப்பல் ஏறியபோது, காத்திருக்கப் போகிறவளுக்கு இப்படி ஒன்று வாங்கிக் கொடுப்பார்களாம். போன இடத்துச் சந்தையில் வாங்கித் தபாலிலும் அனுப்புவார்களாம். அவள் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு கடைக்கும் கோயிலுக்கும் போவாள். தன் ஆள் சண்டைக்குப் போயிருக்கிறான் என்று பார்க்கிறவர்களுக்கு அவள் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. நீ இதை ஒரு நீளப் பிரசங்கமாகச் சொன்னாய். நான் பாதியில் கொட்டாவி விட்டேன்.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரம் உனக்கு 'ஊசி மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தேன். அது ஒட்டிக்கொண்டது. சமோவாக்கார சூப்பர்வைசர்கூட "ஊசி, ஊசி" என்று உன்னைக் கூப்பிடத் தொடங்கினார். நீ கோபிக்கவில்லை. சனிக்கிழமைகளில் பழைய சாமான் விற்கிற இடமெல்லாம் போய், பொத்தான் டின்களுக்குள் கையை விட்டுத் துழாவுவாய். நான் பின்னால் நின்று, "அன்ரி, இவருக்குப் போடத் தோடும் ஏதும் கிடக்கோ எண்டு பாருங்கோ" என்று அந்த வெள்ளைக்காரக் கிழவிகளுக்குத் தமிழில் சொல்லுவேன். அவர்கள் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். பத்து வருடத்துக்கு மேல் அப்படித்தான் போனது.

ஒருநாள் மோட்டர்வேயில் வாகனங்கள் அசையாமல் நின்றபோது, பகிடிக்குத்தான் கேட்டேன்: "உனக்கு ஏன் மச்சான் இந்தப் பொம்பிளையளின்ர சாமான்? நீயென்ன காத்துக்கொண்டு நிண்டவளோ?"

நீ கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றாய்.

போனது நீ விரும்பியவள் என்றாய். ஊரில், உன் பத்தொன்பது வயதில். ரியூசனுக்குப் போகிறவள், உன் வீட்டு வாசலில் சைக்கிளை விட்டுவிட்டு, "நாளைக்கு எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு நடந்து போனாளாம். இரண்டு நாள் கழித்துத்தான் இயக்கத்தில் சேர்ந்து சண்டைக்குப் போய்விட்டாள் என்று தெரிந்தது. பிறகு எந்தத் தகவலும் இல்லை. இருக்கிறாள் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. சைக்கிளை நீ வருடக்கணக்காகத் துடைத்து வைத்திருந்தாய். இடம்பெயர்ந்தபோது அதையும் விட்டுவிட்டு வந்தாய்.

"அவங்கள் ஊசி குடுத்தாங்கள். இவள் சைக்கிளைத் தந்திட்டுப் போனாள். சைக்கிளைச் சட்டையில குத்திக்கொண்டு திரியேலாது மச்சான்."

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஆனால் அடுத்த நாள் வேலையில் மறுபடியும் 'ஊசி மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிட்டேன். திடீரென்று நிறுத்தினால் நீ கவனிப்பாய் என்று பயம்.

பிறகு ஒருநாள், சிப்பியில் செய்த இதயம் ஒன்றைப் புக்கெகோஹி என்கிற ஊரில் ஒரு வீட்டுக் கராஜ் விற்பனையில் எடுத்தாய். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பின்பக்கம் 'ஈவ்லின்' என்று யாரோ கூரான ஏதோ ஒன்றால் கீறியிருந்தார்கள். மற்றவற்றில் பெயரே இருக்காது. இதில் இருந்தது. ஒரு மாதம் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாய். பிறகு புக்கெகோஹிக் கடை ஜன்னல்களில் கடதாசி ஒட்டினாய்: பழைய ஊசி ஒன்று என்னிடம் இருக்கிறது, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்பவரிடம் தருகிறேன். கீழே உன் போன் நம்பர்.

ஒருத்தரும் போன் அடிக்கவில்லை. மழையில் கடதாசி கிழியக் கிழியப் புதிதாக ஒட்டினாய். நான் சாரதி. போகிற வழியெல்லாம், "உனக்குப் பெண் கேட்டு விளம்பரம் போட்டாலும் இவ்வளவு அலைய வேண்டியதில்லை" என்று நக்கல்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்து, டொக்டர்மார் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொன்ன கிழமைதான் அந்தப் போன் வந்தது. ஒரு மகள். அவளுக்கே எழுபது இருக்கும். தாயார் ஈவ்லின் நூறை எட்டப் போகிறாராம், கண் பார்வை போய்விட்டதாம். அந்த ஊசியைத் தந்த பையன் திரும்பி வரவில்லை. தாயார் பிறகு வேறொருவரைக் கட்டி, ஒரு வீடு மாறுகிற சமயத்தில் ஊசியைத் தொலைத்துவிட்டு எத்தனையோ நாள் அழுதாராம். பெயரைச் சரியாகச் சொன்னாள். கீறிக்கொண்டு போனபோது இடம் போதாமல் கடைசி எழுத்து ஓரத்தில் கீழே சரிந்திருக்கும், அதை விரலால் தடவினாலே அம்மாவுக்குத் தெரியும் என்றாள். நீ போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாய். உன் கையில் சதை இல்லை.

"ஒண்டாவது திரும்பிப் போகட்டும் மச்சான். ஞாயிற்றுக்கிழமை நீ கொண்டுபோய்க் குடு. அவவின்ர முகம் எப்பிடி இருந்தது எண்டு வந்து எனக்குச் சொல்லு. பகிடி விடாமல் சொல்லு."

இதற்குப் பிறகு நடந்ததை நான் உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சனிக்கிழமை வீட்டில் விளக்குத் துலக்கினார்கள். புளித் தண்ணீரில் போட்ட பித்தளை எப்படி மின்னும் என்று உனக்குத் தெரியும். உன் டின்னில் இருந்ததெல்லாம் கறுத்துப்போய்க் கிடந்தன. இவ்வளவு காலம் நக்கலடித்ததற்கு ஒரு நாளாவது உருப்படியாக ஏதாவது செய்வோமே என்று எனக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் விளக்குகளோடு சேர்த்துப் புளிக்குள் கொட்டினேன்.

"இஞ்சேருங்கோ, சிப்பிக்குப் புளி ஆகுமோ?" என்று வீட்டுக்காரி கேட்டாள்.

"நீர் உம்மட விளக்கைப் பாரும்," என்றேன்.

பகல் முழுக்க ஊறவிட்டேன். பிறகு பார்பிகியூ அடுப்புச் சாம்பலைத் தொட்டு, இரும்பு நாரால் தேய்த்தேன். வெள்ளியும் பித்தளையும் பளிச்சென்று வந்தன. சிப்பி இதயத்தின் மினுக்கம் போய், சுண்ணாம்புத் துண்டு மாதிரி வெளிறியிருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வழுவழுவென்று இருந்தது. வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன், வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சண்டையையும் எண்பது வருடத்தையும் தாண்டி வந்த பெயரை நான் ஒரு பின்னேரத்தில் துடைத்துவிட்டேன்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனேன். நீ ஆஸ்பத்திரியில் வழி பார்த்துக்கொண்டிருக்கிறாயே. கிழவிக்குக் கண் தெரியாது, கதைத்துச் சமாளிக்கலாம் என்று ஒரு துணிச்சல். கதைத்தே பிழைத்தவன்தானே நான்.

அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தலை சீவி, நல்ல சட்டை போட்டு விட்டிருந்தார்கள். ஊசியை உள்ளங்கையில் வைத்தேன். முதலில் முன்பக்கத்தைத் தடவினார், முகம் அப்படியே இளகியது. பிறகு திருப்பினார். பெருவிரல் ஓரத்துக்குப் போனது. மறுபடி நடுவுக்கு வந்தது. மறுபடி ஓரத்துக்கு. அந்த விரல் தேடுவதை நான் நின்று பார்த்தேன். எனக்கு இருக்கிற இங்கிலீஷை எல்லாம் திரட்டி, பெயர் இருந்தது, நான்தான் கழுவினேன், நல்லதுக்கு என்று நினைத்தேன் என்றேன். மகள் குனிந்து அதைத் தாயாரின் காதில் உரக்கச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா, நம்ப விரும்பவில்லையா என்று எனக்குத் தெரியாது. என் கையைத் தேடிப் பிடித்து, ஊசியை உள்ளே வைத்து விரல்களை மடித்துவிட்டார்.

"இது என்னுடையது இல்லை," என்றார். "யாரோ ஒருத்தியுடையது. பாவம், அவளைத் தேடிக் கொடுங்கள்."

ஆஸ்பத்திரிக்கு வந்தும் நான் உடனே மேலே வரவில்லை. கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். வந்தபோது நீ தலையணையை உயர்த்திச் சாய்ந்துகொண்டிருந்தாய்.

"குடுத்தியோ?"

"குடுத்தன்."

"என்ன சொன்னா?"

"அழுதவ. பிறகு சட்டையில குத்திவிடச் சொல்லி மகளிட்டக் கேட்டவ. மகள் குத்திவிட்டவ."

நீ என்னையே பார்த்தாய். "எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. அப்போது அந்த ஊசி என் காற்சட்டைப் பைக்குள் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. அடுத்த வியாழக்கிழமை நீ போய்விட்டாய்.

ஆஸ்பத்திரியில் தந்த பையில் உன் செருப்பு, மூக்குக்கண்ணாடி, போன். எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த பிறகு, உன் ஆட்களின் நம்பர் தேடப் போனைத் திறந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஒரே ஒரு அழைப்பு வந்திருந்தது. புக்கெகோஹி நம்பர். ஏழு நிமிடம் கதைத்திருக்கிறாய். நான் கீழே காருக்குள் பொய் தயாரித்துக்கொண்டிருந்த நேரம்.

அந்த நம்பருக்குப் போன் அடித்தேன். மகள்தான். தாயார் தவறிவிட்டார் என்று அவள் முதலில் சொன்னாள், நீயும் போய்விட்டாய் என்று பிறகு நான் சொன்னேன். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்ததாம். நடந்ததை எல்லாம் உன்னிடம் சொல்லி, உங்கள் சிநேகிதரைக் கோபிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டாளாம்.

"அவர் கோபிக்கவில்லை," என்றாள். "அவன் வந்து ஏதாவது கதை சொல்லுவான், நான் கேட்கிறேன் என்றார்."

இரண்டு வருடமாக இதையே கிளறிக்கொண்டிருக்கிறேன். ஊசி என்னிடம்தான் இருக்கிறது. கொடுக்க ஒருத்தியும் இல்லை. எழுத்து இல்லாத ஊசி யாருக்கும் சொந்தமில்லை, உனக்கும் அது தெரியும். ஆனால் அதைவிட, 'எந்தப் பக்கம்' என்று ஏன் கேட்டாய் என்பதுதான் என்னைத் தின்கிறது. இவன் எவ்வளவு தூரம் போவான் பார்ப்போம் என்று கேட்டிருந்தால் நல்லது. நான் விட்ட அத்தனை பகிடிக்கும் நீ விட்ட ஒரே பகிடி என்று வைத்துக்கொள்வேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை மச்சான். பொய் என்று தெரிந்துகொண்டே, காத்திருந்த ஒருத்தி தன் ஊசியைத் திரும்பக் குத்திக்கொள்வதை நீ ஒரு தடவை பார்க்க விரும்பினாய்.

நான் இன்னும் சொல்லியிருக்கலாம். சட்டையின் நிறத்தைச் சொல்லியிருக்கலாம். குத்திய பிறகு விரலால் தடவித் தடவிப் பார்த்தார் என்று சொல்லியிருக்கலாம். அவன் பெயரை வாய்விட்டுச் சொன்னார் என்று ஒரு பெயரையும் கட்டிச் சொல்லியிருக்கலாம். நீ கேட்டுக்கொண்டே இருந்திருப்பாய். வேர்ஹவுஸ் முழுவதையும் வாயால் அளக்கிற நான் அன்றைக்கு 'இடப்பக்கம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டு, பார்க்கிங் நேரம் முடியப்போகுது என்று எழும்பிவிட்டேன்.