ஆறு மணிக் கச்சேரிக்கு

என் சின்ன மகளுக்கு, அப்பா தன் கையாலேயே எழுதுவது.

நம்பமாட்டாய். எழுத்து கற்றுத் தந்தது உன் அண்ணி. அண்ணனுக்குத் தெரியாது.

இன்று உன் கடிதங்களை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். சாப்பாடு ஆறிவிட்டது. அண்ணன் படித்துக் காட்டும்போதெல்லாம், "நல்லா இருக்காளாம்ப்பா, அவ்வளவுதான்" என்பான். ஒவ்வொரு கச்சேரியிலும் எனக்கொரு நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறாய் என்று எழுதியதை அவன் படிக்கவே இல்லை.

இன்று ஆறு மணிக்கு நீ பியானோ, மாப்பிள்ளை தாளக் கருவிகள். "அவ பியானோவுக்குள்ள கைய விட்டுக் கம்பியச் சுரண்டுவா, அவரு சட்டிபானைய உருட்டுவாரு. இதுக்குப் பேரு புது இசையாம்" என்கிறான் அண்ணன். எனக்கு அந்தச் சுரண்டலைக் கேட்க வேண்டும்.

அவன் கெட்டவன் இல்லை. பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரியாமல் ஒருமுறை தொலைந்துபோனேன். அன்றிலிருந்து வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறான்; அண்ணியும் அவனோடு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். ஜன்னலில் காற்று நன்றாகவே வருகிறது.

எதிர்ச் சுவரில் ஆறு வருடமாகச் சிவப்பாக ஏதோ எழுதியிருக்கிறது. இன்றுதான் படித்தேன்: 'பூட்டுத் திறக்க அழைக்கவும்.' கீழே எண். அழைத்தேன்.

"சாவியத் தொலைச்சிட்டு வெளிய நிக்கிறீங்களா, பெரியவரே?"

"இல்லப்பா, உள்ள நிக்கிறேன்."

எந்த வீடு என்று கேட்டான். பிறகு, "வரேன்" என்றான்.

இந்த ஒரு பக்கத்தை நான் எழுதி முடிப்பதற்குள் வந்து கதவையே திறந்துவிட்டான். இதை உன் கையில்தான் தரப்போகிறேன். கிளம்புமுன் அண்ணனுக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும்: 'தேடாதே. தொலையவில்லை. தங்கச்சியிடம் போகிறேன்.'

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காத உன் அப்பா