கால்வாய்க் கரையில் ஞாயிறு

பாளையங்கோட்டை
3 நவம்பர் 2024, ஞாயிறு மாலை

விஜயஸ்ரீக்கு,

வணக்கம். ஞானம்பாள் முழுசாக வீடு வந்து சேர்ந்துவிட்டாள் என்பது, அவள் பையிலிருந்து இதை எடுக்கும்போதே உனக்குத் தெரிந்திருக்கும்.

"போனில் பேசாதீர்கள். பிள்ளையைப் பற்றி எதுவானாலும் எழுதுங்கள். எழுதினால் குரல் உயராது" என்று குடும்ப நீதிமன்றத்து ஆலோசகர் அம்மா சொன்னது நல்ல யோசனை. அதை விவாகரத்து அன்றைக்குச் சொன்னதற்குப் பதில் கல்யாணத்தன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாம்.

என் ஞாயிற்றுக்கிழமைகளை இதுவரை வண்ணாரப்பேட்டை வணிக வளாகத்தில் வீணாக்கினேன். ஞானுவைப் பிளாஸ்டிக் பந்துக் குழியில் இறக்கிவிட்டு, வெளியே மற்ற அப்பாக்களோடு வரிசையாக உட்கார்ந்து போனைப் பார்ப்பேன். மருத்துவமனை வராந்தாவில்கூட அதைவிட உற்சாகம் உண்டு. இன்று நடக்கப் போனோம்.

எங்கள் கல்லூரிப் பேராசிரியர்கள் சிலர் மலையேறுகிறார்கள். கையில் தடி, தலையில் விளக்கு, வாயில் ஒரு வார்த்தை: சவால். இறங்கி வந்தபின் ஒரு வாரம் படியேற மாட்டார்கள். நூலகம் மாடியில் இருப்பதால் எனக்கும் அந்த வாரம் ஓய்வு. நான் தேர்ந்தெடுத்தது பாளையங்கால்வாய்க் கரை. தண்ணீர் மேடு ஏறாது. ஆகவே கால்வாயை வெட்டியவர்கள் சமமாகவே கொண்டுபோயிருக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையும் தொப்பை வைத்த நூலகரும் ஒருநாள் நடக்க வருவார்கள் என்று அந்தக் காலத்திலேயே எவரோ யோசித்திருக்கிறார். அவருக்கு ஒரு கும்பிடு.

தருவையில் பஸ்ஸைவிட்டு இறங்கி மேற்கே நடந்தோம். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் நாற்று நட்ட வயல். ஞானு நடப்பதில்லை, தணிக்கை செய்கிறாள். நண்டு வளை, ஆட்டுக்குட்டி, மடையில் சிக்கிய ஒற்றைச் செருப்பு, எதையும் பார்வையிடாமல் விடவில்லை. படித்துறையில் துணி துவைத்த அம்மாள் ஒருத்தி, "ஏட்டி, யாரு பிள்ளட்டி நீ?" என்றாள். "விஜயஸ்ரீ பிள்ள" என்றாள் இவள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இப்படிக்கு,
பாலசுப்பிரமணியன்


பெருமாள்புரம்
9 நவம்பர் 2024

ஞானுவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பந்துக் குழிக்குக் கால்வாய் எவ்வளவோ மேல்.

சில விஷயங்கள். தொப்பி வைத்திருக்கிறேன், போடச் சொல்லுங்கள். காலணி முழுக்கச் சேறு. இனி ரப்பர் செருப்பு போதும். அவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர்ப் பக்கம் நீங்கள் நடங்கள், வயல் பக்கம் அவள்.

மலை கிடையாது என்பது உறுதிதானே? கல்யாணமான மாதம் பட்டுச்சேலையோடு மலையேறிய அனுபவம் எனக்கு உண்டு. அன்றைக்கும் "சும்மா கொஞ்சம் நடை" என்றுதான் சொன்னீர்கள்.

'விஜயஸ்ரீ பிள்ள' என்று சொன்னதை என்னிடமும் சொன்னாள். "அப்பா மூஞ்சி சின்னதாப் போச்சும்மா" என்றும் சொன்னாள். உங்கள் கடிதத்தில் அது இல்லை.

விஜயஸ்ரீ


பாளையங்கோட்டை
17 நவம்பர் 2024

விஜயஸ்ரீக்கு,

மலை கிடையாது. ஆனால் சமவெளியில் ஒரு ஆபத்து உண்டு என்பதை இன்று கண்டுகொண்டேன். மலையில் யானை, சிறுத்தை, அட்டை இருக்கலாம். சொந்தக்காரர் இருக்க மாட்டார். நம் ஆற்றுப் பாசனத்தில் சமமான பாதை எதுவானாலும் அது யாரோ ஒரு சித்தப்பா வீட்டு வாசலில் போய்த்தான் நிற்கும்.

இன்று கோபாலசமுத்திரம் வரை போனோம். சிவசங்கரன் அண்ணன் வீட்டு ராஜராஜேஸ்வரி மதினி படித்துறையில் நின்றாள். ஒளிவதற்குக் கால்வாய்க் கரையில் இடம் கிடையாது. அதன் ஒரே வடிவமைப்புக் கோளாறு.

"வாங்க கொழுந்தனாரே! நடந்தா வாறிய? பஸ்ஸெல்லாம் ஓடலியோ?"

"சும்மா நடக்கோம் மதினி. உடம்புக்கு நல்லது."

"வயித்தப் பாத்தா நேத்துதான் ஆரம்பிச்ச மாதிரி இருக்கு. ஏட்டி ஞானு, வா, சாப்பிடு. ஒங்கம்மைய எங்க?"

"அம்மாவுக்கு வேல" என்றாள் ஞானு. பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. என் மகளுக்கு இராஜதந்திரம் யார் சொல்லிக்கொடுத்தது என்று வியந்துகொண்டே கூட்டாஞ்சோறு சாப்பிட்டேன்.

புறப்படும்போது மதினி உனக்கென்று வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, குங்குமம், பூ, ஒரு ரவிக்கைத் துணி எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணம் என்னிடம் இருந்தது. வாய்தான் வரவில்லை. வாங்கிவிட்டேன். பையில் இருக்கிறது.

பாலசுப்பிரமணியன்


பெருமாள்புரம்
23 நவம்பர் 2024

ஞானுவின் அப்பாவுக்கு,

தீர்ப்பு வந்து ஒரு வருடம் ஆகிறது. உங்கள் மதினிக்கு இன்னும் தெரியாதா? ஊரில் யாரிடமும் சொல்லவில்லையா?

என் பக்கத்தில் எல்லாரிடமும் நானே சொன்னேன். ஒவ்வொரு வீடாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் அதே காப்பியைக் குடித்து, அதே கேள்விக்கு அதே பதிலைச் சொன்னேன். உங்களுக்கு அந்த வேலையே இல்லாமல் போயிருக்கிறது. இப்போது எட்டு வயதுப் பிள்ளை உங்களுக்காகச் சமாளிக்கிறாள். இராஜதந்திரம் என்று அதை மெச்சுகிறீர்கள்.

புருஷன் வீட்டு மருமகளுக்கு வைத்துக்கொடுத்ததை நான் எந்த முகத்தோடு வைத்துக்கொள்வது? பையிலேயே திருப்பி வைத்திருக்கிறேன். பூ வாடிவிட்டது. அடுத்த ஞாயிறு நடந்து போய் மதினியிடம் விஷயத்தைச் சொல்லி, இதையும் கொடுத்துவிட்டு வாருங்கள். பாதை சமம்தான், சிரமம் இருக்காது.

விஜயஸ்ரீ


பாளையங்கோட்டை
1 டிசம்பர் 2024

விஜயஸ்ரீக்கு,

பாதை சமம்தான். ஆனாலும் இன்று மூச்சு வாங்கியது.

ஞானுவைக் கன்றுக்குட்டியிடம் அனுப்பிவிட்டு, மதினியிடம் பொட்டலத்தை நீட்டி, "நானும் விஜியும் பிரிஞ்சிட்டோம் மதினி. போன வருசமே கோர்ட்டுல தீந்துபோச்சு" என்றேன். மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"போன வருசமே. ஒங்க அண்ணாச்சிக்குக் கோர்ட்டுல ஆளு இல்லன்னா நெனச்சிய? ஊரு பூரா தெரியும். கோயில் பூசாரிக்குத் தெரியும். பால்காரனுக்குத் தெரியும். நீங்கதான் சொல்லாம நடந்துக்கிட்டுத் திரிஞ்சிய."

"பின்னே எதுக்கு மதினி இந்தத் தட்டு?"

"ரவிக்கத்துணி குடுத்தாவது வாயத் தொறப்பியளான்னு பாத்தேன். பேசாம வாங்கிட்டுப் போறிய! இப்பிடி ஒரு ஆம்பளைய நான் பாத்ததே இல்ல, வே."

பிறகு பொட்டலத்தைத் திறந்து, வாடிய பூவை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பூ வைத்தாள். "இது ஒங்க பொண்டாட்டிக்கில்ல, விஜிக்கு. வாங்க மாட்டேன்னா அவளே வந்து எங்கிட்டச் சொல்லட்டும்" என்றாள். பொட்டலம் மறுபடி பையில் வருகிறது. அரசுத் துறைகளுக்கு இடையே கோப்பு நகர்வதையே இவ்வளவு காலம் வியந்து பார்த்திருக்கிறேன். இது அதைவிட வேகம்.

நூலகத்தில் இருபது வருடம் இருந்தும், இப்படி ஒரு பொறியை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

பாலசுப்பிரமணியன்


பெருமாள்புரம்
18 ஜனவரி 2025

ஞானுவின் அப்பாவுக்கு,

மழையிலும் வெள்ளத்திலும் சில ஞாயிறுகள் போயின. நீங்களும் நடக்கவில்லை, நானும் எழுதவில்லை.

ரவிக்கை தைத்துவிட்டேன். பொங்கலுக்கு அதைப் போட்டுக்கொண்டு கோபாலசமுத்திரம் போனேன். உங்களை விவாகரத்து செய்தேனே தவிர மதினியைச் செய்யவில்லை என்று அவளிடம் சொன்னேன். "அதுக்குக் கோர்ட்டுல எடமில்லட்டி" என்றாள். இருவரும் ரொம்ப நேரம் சிரித்தோம்.

சொல்ல வேண்டிய செய்தி வேறு. வங்கியில் எனக்கு மேலாளர் பதவி உயர்வு வந்திருக்கிறது. இடம் ஈரோடு. முன்பு இரண்டு தடவை வந்தபோது வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது தடவையும் மறுத்தால் இனி கேட்க மாட்டார்கள். கோடை விடுமுறையில் போக வேண்டும்.

தீர்ப்பில் இருப்பது உங்களுக்கும் தெரியும். ஞானுவை மாவட்டத்துக்கு வெளியே குடிவைக்க உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவளை விட்டுவிட்டு நான் போக மாட்டேன். அவளைக் கூட்டிக்கொண்டு போனால் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. இதை எழுத மூன்று தாள்களைக் கிழித்தேன். ஞாயிறு விட்டு ஞாயிறு அவள் முகம் தெளிந்துகொண்டு வருவதை நானும் பார்க்கிறேன்.

பதில் எழுதுங்கள்.

விஜயஸ்ரீ


பாளையங்கோட்டை
26 ஜனவரி 2025

விஜயஸ்ரீக்கு,

இன்று அரியகுளத்துக் கரை. குளத்துக் கரை கால்வாய்க் கரையைவிட அகலம். எதிரே ஆடு வந்தாலும் யாரும் யாருக்கும் வழிவிட வேண்டியதில்லை. கூழைக்கடாக்கள் வந்திருந்தன. அவ்வளவு பெரிய அலகை வைத்துக்கொண்டு அவ்வளவு அமைதியாக இருக்கும் வேறொரு பிராணி கிடையாது. எங்கள் கல்லூரி ஆட்சிக்குழுவில் ஒன்றைச் சேர்த்தால் நல்லது. மீனைப் பிடித்தால் உடனே விழுங்குவதில்லை. பையில் வைத்து, தண்ணீரை வடித்து, யோசித்து, பிறகுதான். ஞானு வெகுநேரம் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "அது என்னப்பா யோசிக்கி?" என்று கேட்டாள். தாமரை பூத்திருக்கிறது. முக்குளிப்பான் பறவைகள் மூழ்கினால் எங்கே எழும்பும் என்று பந்தயம் வைத்தோம். அவளே ஜெயித்தாள்.

பாலசுப்பிரமணியன்


பெருமாள்புரம்
1 பிப்ரவரி 2025

ஞானுவின் அப்பாவுக்கு,

கூழைக்கடாவைப் பற்றி அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை.

திங்கட்கிழமை வங்கிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மாட்டேன் என்றாலும் மாட்டேன் என்று எழுதுங்கள். மறுப்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. சண்டை போட மாட்டேன்.

விஜயஸ்ரீ


பாளையங்கோட்டை
2 பிப்ரவரி 2025

விஜிக்கு,

இதில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று வக்கீலுக்கு: என் மகள் ஞானம்பாள் தன் தாயோடு ஈரோட்டில் வசிக்கவும் படிக்கவும் முழு மனதோடு சம்மதிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நிபந்தனை எதுவும் இல்லை.

முழு மனது என்பது சட்டத்தின் சொல். என் மனது இன்று காலை கோபாலசமுத்திரம் போகும்வரை பாதியாகத்தான் இருந்தது. மதினியிடம், "நான் கையெழுத்துப் போடலன்னா விஜி என்ன செய்வா?" என்று கேட்டேன்.

"என்ன செய்வா? போவமாட்டா. இங்கனயே இருப்பா. ஞாயித்துக்கெழம தவறாம பிள்ளைய அனுப்புவா. பிள்ள வந்து ஒங்க மூஞ்சியப் பாக்கும். நீங்க எங்க பாப்பிய?"

அங்கிருந்தே திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேன்.

நீ மேலாளராக உட்காரப்போகும் அந்தக் கிளை பாக்கியம் செய்தது. கோபம் வந்தால்கூட அதை நேரே நின்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிற ஆள் வங்கிகளில் அபூர்வம். வீடுகளிலும்.

இந்த இரண்டாவது தாள் உனக்கு. ஞாயிறு காலை ஞானுவைக் கூப்பிட்டு எழுப்ப வேண்டாம். செருப்பை எடுத்துப் போடும் சத்தம் போதும். அவளை முன்னால் விடு. நாம் முன்னால் போனால் அவளுக்கு முதுகுதான் தெரியும். நின்றால் நீயும் நில். "வா வா" என்றால் வருவாள், ஆனால் பிறகு எதையும் காட்ட மாட்டாள். நாய்களுக்கு அவள் பெயர் வைப்பாள். அடுத்த தடவை அந்தப் பெயரை மறந்தால் மன்னிக்க மாட்டாள், எழுதி வைத்துக்கொள். திரும்பும்போது கால் வலிக்கிறது என்று சொல்வாள். வலிக்காது. கையைப் பிடிக்க வேண்டும் என்பதை அப்படித்தான் சொல்வாள்.

பாலு


12, வாய்க்கால் கரைத் தெரு,
கருங்கல்பாளையம், ஈரோடு
8 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள பாலுவுக்கு,

பையில் வைத்து அனுப்ப முடியாது என்பதால் முதல்முறையாகத் தபாலில் போடுகிறேன். முதல் தாளை வக்கீலிடம் கொடுத்தேன். இரண்டாவது என்னிடம் இருக்கிறது.

கிளையில் நாற்காலி பெரியது, மின்விசிறி சத்தம் போடுகிறது. ஒரு மாதத்தில் இரண்டையும் சரிசெய்துவிடுவேன். ஞானுவுக்குப் பள்ளி பிடித்திருக்கிறது. இவள் பேசுவதைக் கேட்டு மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். இவளும் அவர்கள் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிறாளாம். சமமாகப் போய்விட்டது.

இங்கே காளிங்கராயன் வாய்க்கால் இருக்கிறது. இன்று காலை செருப்பை எடுத்துப் போட்டேன். எழுந்துவிட்டாள். வங்கியில் இத்தனை வருடம் கொடுத்த பயிற்சிகளில் இப்படி உடனே பலித்த ஒன்றை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கரையில் அவளை முன்னால் விட்டேன். ஒரு நாய்க்குப் பெயர் வைத்தாள். எதைக் காட்டினாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

திரும்பும்போது கால் வலிக்கவில்லை என்றாள்.

திருநெல்வேலியிலிருந்து நேர் ரயில் இருக்கிறது. சனிக்கிழமை புறப்பட்டால் ஞாயிறு காலை வெயிலுக்கு முன் கரைக்குப் போய்விடலாம். முன் அறையில் கட்டில் போட்டிருக்கிறேன். இதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு மாதிரி எடுத்துக்கொள்வதானால் அதை எழுதுங்கள், குரல் உயராது.

முகவரி மேலே இருக்கிறது. கடிதம் போடுவதற்கு மட்டும் அல்ல.

விஜி