ஒரே அலையில் ஒன்பது டாக்சி

மாயெபூர்
19-2-1987

அன்பு மகள் சாந்தகுமாரிக்கு அம்மா எழுதுவது. நான், அப்பா, தம்பி விஸ்வம் மூவரும் இங்கே சுகம். லண்டன் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும். காவடி நல்லபடியாக முடிந்தது. அப்பாவின் பள்ளிப் பிள்ளைகள் தேவாரத்தைத் தமிழில் பாடிவிட்டுச் சண்டையை நம் தீவுப் பேச்சான கிரியோலில் போடுகிறார்கள், அவரும் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார்.

இரவு வேலைப் பெண்களுக்கு வண்டி கேட்டேன் என்று தையல் ஆலையில் என்னை வேலையை விட்டு நிறுத்தியபின், டாக்சிச் சங்கத்தில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் அல்லவா, அங்கே வண்டி ஒன்பது, அலைவரிசை ஒன்றே ஒன்று. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் எனக்குக் கேட்பது எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம்தான், அதற்குள் விமான நிலையத்தில் ஓட்டல் பயணிகள் பெட்டியோடு வெயிலில் நிற்பார்கள். ஓட்டல் மேலாளர் முசியே க்ளோட், சந்தை மாதிரிக் கத்துகிறீர்கள், சனிக்கிழமை விமானத்துக்கும் இப்படி நடந்தால் போர்ட் லூயி பஸ் கம்பெனிக்கு வேலையைக் கொடுத்துவிடுவேன் என்றார். ஓட்டுநர்களைத் தன் கழிப்பறைப் பக்கம்கூட விடாத மனிதர் எனக்கு ஒழுங்கு சொல்லித் தருகிறார். ஒன்பது வீட்டு அடுப்பு இதை நம்பியிருப்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் உன் கடிதம் வந்தது. கணிப்பொறிகள் ஒரே ரேடியோ அலையைப் பங்கிடும்போது முறை வைப்பதில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லும், பதில் வராவிட்டால் மோதிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, பொறுத்து மறுபடி சொல்லும் என்று எழுதியிருந்தாய். நானும் அப்படியே, வண்டி எண்ணை நான் திருப்பிச் சொல்லாவிட்டால் பத்து எண்ணிவிட்டு அழையுங்கள் என்றேன். இந்த நல்லவர்கள் ஒழுங்காகப் பத்து எண்ணி, ஒன்றாகவே மறுபடியும் மோதினார்கள். மதாம், இதற்கா உங்கள் மகளுக்குப் பட்டம் தருகிறார்கள் என்று ஓட்டுநர் ஆல்பெர் கேட்டான். கடிதத்தைத் திரும்பப் படித்தபோதுதான், ஒவ்வொன்றும் குருட்டாம்போக்கில் வேறு வேறு நேரம் பொறுக்க வேண்டும் என்ற வரி கண்ணில் பட்டது. ஸ்டாண்டில் பொழுதெல்லாம் டொமினோ ஆடுகிறார்களே, அந்தப் புள்ளி போட்ட கட்டைகளையே ஆளுக்குக் கொஞ்சம் டப்பாவில் போட்டு வண்டியில் வைக்கச் சொன்னேன். பதில் இல்லையா, பார்க்காமல் ஒரு கட்டை எடு, புள்ளி எத்தனையோ அத்தனை எண்ணு. மறுபடி மோதினால் இரண்டு கட்டை எடு. பொன்னுசாமி புள்ளியில்லாத வெறுங்கட்டையை விரலால் தடவிப் பார்த்து எடுக்கிறான் என்று ஆல்பெர் புகார் சொல்ல, ஆட்டத்தில் நீ செய்வதை நான் ரோட்டில் செய்கிறேன் என்றான் அவன்.

சனிக்கிழமை ஒரு பயணியும் காத்து நிற்கவில்லை. இந்த ஆண்டு முழுதும் வேலை நமக்கே என்று க்ளோட் கையெழுத்துப் போட்டுவிட்டு, தனக்கும் ஒரு ரேடியோ வாங்கிக்கொண்டு, தான் பேசும்போது மற்றவர்கள் வாய் மூட வேண்டும் என்றார். நீங்கள் எப்போது பேசப்போகிறீர்கள் என்பது அலைக்குத் தெரியாது முசியே, நீங்களும் கட்டை எடுங்கள் என்றேன். முகம் சிவந்தது, ஆனால் விமானம் இறங்கிக்கொண்டிருந்ததால் டப்பாவை வாங்கிக்கொண்டார். நேற்று அவர் கைக்கு இரட்டை ஆறு வந்தது. பன்னிரண்டு எண்ணி முடிப்பதற்குள் மூன்று ஓட்டுநர்கள் தங்கள் வேலையைச் சொல்லி முடித்தார்கள்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. இன்னும் பத்து வண்டிக்காரர்கள் சேரக் கேட்கிறார்கள், அத்தனை பேரையும் இந்த ஒரே அலை தாங்குமா என்று உன் பேராசிரியரைக் கேட்டு உடனே எழுது. யாரையும் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை. எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ்க.

உன் அம்மா,
ஜெயபாரதி