ஜெய்னப்பின் புங்கை

12.3.1988

காலனிப் பூங்காவுக்குப் போய் வந்தேன். என் புங்கை இடுப்பு உயரத்தைத் தாண்டவில்லை; இலையெல்லாம் மஞ்சள். பக்கத்தில் எதிர்வீட்டு ஜெய்னப் நட்டது இரண்டு ஆள் உயரம். காலனிச் சங்கம் வீட்டுக்கு ஒரு கன்று கொடுத்து நாலு வருஷமாகிறது. ஒரே நாள், ஒரே ஸ்ரீவில்லிபுத்தூர் நர்சரி. வயிறு எரிகிறது. எழுதினால் என்ன, என் நோட்டுதானே.

20.3.1988

சங்கத் தலைவர் தவசிமுத்து அண்ணாச்சி சொன்னார்: "நல்லா வளந்த மரத்தடியில சிமெண்டு பெஞ்சு போடுதோம். வளத்தவுக பேரும் அதுல இருக்கும்." எல்லாரும் ஜெய்னப்பைப் பார்த்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

21.3.1988

தொழுகைக்குக் கைகால் கழுவுகிற தண்ணீரைப் பிடித்துவைத்து ஊற்றுகிறாளாம். நானும்தான் இரண்டு கோடையாகத் தினம் இரண்டு குடம் சுமந்தேன். எனக்கு மட்டும் ஏன்?

2.4.1988

கணவரிடம் புலம்பினேன். குழாயில் தண்ணீர் வராததால், பின்கட்டில் அவர் தொழிலுக்குப் பேண்டேஜ் துணி வெளுத்து அலசுகிற தொட்டியில்தான் மொண்டேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். "ஏட்டி, அதுல பிளீச்சிங் பவுடர் கெடக்குல்லா. நீயே பொசுக்கிட்டு ஊரக் குத்தம் சொல்லுத."

7.4.1988

மத்தியானம். மில்லுக்குப் போனவர்கள் போக மற்றவர்கள் உறக்கம். ஒரு குடம் — இந்த முறை அலசின தண்ணீர் இல்லை, பவுடர் கரைத்தது. அவள் மரத்தின் தெற்குப் பக்க வேரில் சாய்த்துவிட்டுத் திரும்பினால் ஜெய்னப் நிற்கிறாள்.

"எம் மரத்துக்குமா அக்கா ஊத்துதீக, இந்த வெயில்ல?"

கையைப் பிடித்துக்கொண்டாள். குடத்தை முந்தானையால் மறைத்தேன். வாடை அடித்திருக்காதா அவளுக்கு?

8.4.1988

விடிந்ததும் நல்ல தண்ணீர் எட்டுக் குடம் கொண்டுபோய் அவள் மரத்துக்கே ஊற்றினேன். பார்த்தவர்கள் மெச்சுகிறார்கள். சே.

19.6.1988

பெஞ்சு போட்டாயிற்று. ஜெய்னப் அண்ணாச்சியிடம் அடம்பிடித்தாளாம்: "அக்காவும் தண்ணி சொமந்தாக. அவுக பேரும் போடணும்." வடக்கு ஓரத்தில் அவள் பெயர். தெற்கு ஓரத்தில் ஜெயபாய் என்று என் பெயர்.

மரம் பிழைத்துக்கொண்டது. தெற்குப் பக்கத்துக் கிளைகள் மட்டும் பட்டுப்போயின.

சாயங்காலம் கூப்பிட்டாள் என்று போய் உட்கார்ந்தேன். என் பெயர் இருக்கிற பக்கம் முழுக்க வெயில்.

"இந்தப் பக்கம் நெழலுக்கு வாங்க அக்கா" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

நான் என் பெயரின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.