நான்கு மணி நேரம் ஒட்டி நின்ற கப்பல்கள்

என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். "கவுச்சியே ஆகாதவனைக் கொண்டுபோய் மீனுக்குக் காவல் போட்டுப்போட்டாங்களே கண்ணு" என்று அத்தை இன்னும் சிரிக்கிறார்.

பீளமேட்டு ஆபீசில் என் வேலை உங்களுக்குத் தெரியும். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் சூரை மீன் பிடிக்கும் கப்பல்களைத் திரையில் புள்ளிகளாகக் கண்காணிப்பது. செவ்வாய்க்கிழமை உங்கள் கப்பலும், உங்களைப் போலவே பிடிக்கிற மீனுக்குக் கணக்கெழுதக் காவலுக்குப் போயிருக்கும் ஹாரிகா அம்மணியின் கப்பலும் நான்கு மணி நேரம் ஒட்டி நின்றன. அப்படி நின்றால் திருட்டுத்தனமாகக் கப்பலுக்குக் கப்பல் மீன் மாற்றுகிறார்கள் என்று அர்த்தம். நீங்களோ அன்றைய காவல் குறிப்பில், "வேறு எந்தக் கப்பலையும் சந்திக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அவளும் அதையேதான் எழுதியிருக்கிறாள், சொல் மாறாமல்.

நீங்கள் இருவரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு என்று அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நாளைக்குள் நான் ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். அனுப்பினால் உங்கள் வேலை போகும். அது போகட்டும். ஏனுங்க, மீன்தான் கைமாறியது, கண்டும் காணாமல் இருந்துவிட்டேன் என்று இன்றைக்கே ஒரே ஒரு வரி மெயிலில் எழுதிப் போடுங்கள். ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன்.

இப்படிக்கு,
திரையை விட்டு எழ முடியாத உங்கள் வீட்டுக்காரி