வர்ஜீனியாவின் கடனும் என் இரண்டு பிள்ளைகளும்

அன்பு மகள் கார்னீலியாவுக்கு,

கிரேஸ்டனிலிருந்து அம்மா எழுதுகிறேன். நீயும் ஆசா மாப்பிள்ளையும் குழந்தையும் செயிண்ட் லூயிஸில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன், இங்கே நான் இருக்கிறேன், உன் தம்பி டோபயஸ் இருக்கிறான், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அண்ணன் லூசியஸ் போய்விட்டான் என்பது தந்தியில் தெரிந்திருக்கும். சுட்டவன் மாப்பிள்ளையின் அண்ணன் ஹார்லன் என்பதைத் தபாலாபீஸ்காரனிடம் சொல்லித் தந்தியடிக்க எனக்கு வாய் வரவில்லை, இப்போது எழுதிவிட்டேன். படித்துவிட்டு மாப்பிள்ளை மேல் பாயாதே, அவர் கை எதிலும் இல்லை. அழுவதைப் பிறகு அழு. திங்கட்கிழமை ரயிலில் டோபயஸை உன்னிடம் அனுப்புகிறேன். இருக்கிற ஒரு பிள்ளையும் தூக்கில் தொங்காமல் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எதற்காக என்று கேட்பாய். எல்லாம் அந்தப் பாழாய்ப்போன மாநிலக் கடன்தான். உள்நாட்டு யுத்தத்துக்கு முன்னால் கால்வாய்க்கும் ரயில் பாதைக்கும் லண்டன்காரர்களிடம் வாங்கினது, கால்வாய் தூர்ந்து போயிற்று, பாதையைப் பட்டாளம் பிடுங்கிப் போட்டது, கடன் மட்டும் வட்டியோடு குத்துக்கல்லாக நிற்கிறது. வசூலாகிற வரியில் முதலில் கடனுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தில்தான் பள்ளிக்கூடம், அதுதான் மாநிலத்தின் மானம் என்று ரிச்மண்ட் சட்டசபையில் எழுந்து பேசியவன் ஹார்லன். மிச்சம் என்று ஒன்று இருந்தால்தானே, நம் ஊரில் வெள்ளையர் பள்ளி, கறுப்பர் பள்ளி இரண்டையும் இழுத்துப் பூட்டினார்கள். உன் அண்ணனுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஹார்லன் காப்பாற்றுகிற மானம் எங்கள் பள்ளிக்கூடத்து விறகைத் திருடி லண்டன்காரன் அடுப்பில் வைக்கிற மானம், அவன் ஒரு பொய்யன் என்று தன் பத்திரிகையில் அச்சடித்துவிட்டான். பொய்யன் என்று அச்சில் வந்தால் இங்கே என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

கோர்ட்டு கூடுகிற நாளில், ஊரே சந்தைக்கு வந்து நிற்கும்போது, ஹார்லன் கைத்தடியால் உன் அண்ணன் மண்டையைப் பிளந்தான். ஏன்டா, கடன் வாங்கித் தின்னுட்டு இப்ப கைய விரிக்கச் சொல்றியா, உங்கப்பன் அப்படித்தான் வளத்தானா என்று கேட்டுக்கொண்டே அடித்தானாம். தின்னது யாரு, கால்வாய்க் கம்பெனில பங்கு வச்சிருந்தது உங்கப்பன், எங்க ஊருப் பிள்ளைங்க என்னத்தடா தின்னுச்சு என்று இவன் ஒரு குத்து விட்டதில் ஹார்லனின் முன்பல் தெறித்து விழுந்தது. அதோடு விட்டிருக்கலாம், எந்த ஆம்பிளை விட்டான். துப்பாக்கிச் சண்டைக்குச் சவால் போயிற்று, இங்கே சட்டம் தடுக்கிறது என்று எல்லை தாண்டிக் கரோலினாவில் ஒரு பைன் தோப்புக்குப் போனார்கள். முதல் சூட்டில் இரண்டு பேர் குண்டும் மரத்தில் பட்டது. போதும்ப்பா, அந்த ஒரு வார்த்தைய வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொல்லிடு, வீட்டுக்குப் போயிடலாம் என்று கூடப் போனவர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்த மொதல்ல தெறக்கச் சொல்லு, வாங்கிக்கிறேன் என்றானாம் உன் அண்ணன். இரண்டாவது குண்டு அவன் வயிற்றில் பாய்ந்தது. வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள், மறுநாள் பொழுது சாய்கிற வரை கத்திக்கொண்டே கிடந்தான், நான் அவன் குடலைத் துணி வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். பெற்றவள் இதையும் செய்ய வேண்டியிருந்தது, கார்னீலியா.

அடக்கம் முடிந்ததும் ஹார்லனின் மனைவி உப்பிட்ட பன்றித் தொடை ஒன்றைத் துணியில் சுற்றி அனுப்பினாள், அவிழ்க்காமலேயே நாய்களுக்கு எறிந்தேன். பிறகு அவனே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். குதிரைச் சாட்டை கைக்கு எட்டியது, முகத்தில் இழுத்தேன், ரத்தம் சட்டையில் வழிந்தது. எதுக்குடா சுட்ட, சொல்லுடா என்று கேட்டேன். மாநிலத்தோட மானம் அத்தை என்று அப்போதும் சொன்னான், பாவி. வீசு வீசென்று வீசினேன். அடிங்க அத்தை, நிறுத்தாதீங்க என்று அழுதான், அந்த அழுகையும் எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வீச்சுக்குக் கையை ஓங்கினபோதுதான் மாடி ஜன்னலில் துப்பாக்கிக் குழாயைப் பார்த்தேன். டோபயஸ். எதிரெதிரே நின்று கொன்றால் கனவான் என்று ஜூரி விட்டுவிடும், ஜன்னலிலிருந்து கொன்றால் கயிறுதான். சாட்டையைப் போட்டுவிட்டு ஹார்லனுக்கு முன்னால் பாய்ந்து நின்றேன். நகரும்மா என்று கத்தினான் உன் தம்பி. என்னச் சுட்டுட்டு அவனச் சுடுடா என்று நானும் கத்தினேன். என் பிள்ளையைக் கொன்றவன் நெஞ்சு என் முதுகில் பட்டு நடுங்கியது, விலகி விடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது, விலகவில்லை. ஹார்லன் குதிரையேறிப் போன பிறகு டோபயஸ் கையிலிருந்து அந்தத் துப்பாக்கியைப் பிடுங்கி விறகுக் கட்டை மேல் வைத்துக் கோடாரியால் நசுக்கினேன்.

டோபயஸ் என்னோடு பேசுவதில்லை. இன்னொரு துப்பாக்கி வாங்க இந்த ஊரில் எத்தனை நேரம் ஆகும். அண்ணன் செத்த கதையை அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாடா என்று சொல்லித்தான் அவனைக் கிளப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பாதே, வேலை வாங்கிக் கொடு, குடித்துவிட்டு வந்தால் திட்டு, மார்ச்சளிக்குக் கடுகுப் பற்றுப் போடு, அவன் வேண்டாம் என்பான். சபை இந்த வருஷமும் கடனுக்குத்தான் முதல் பங்கு என்று ஒதுக்கிவிட்டது, அதை அவனிடம் சொல்லாதே.

மாப்பிள்ளைக்கு அவர் அண்ணன் முகம் அப்படியே அச்சு, அதனால் ஒன்று கேட்கிறேன், மறுக்கக் கூடாது. ஸ்டேஷனுக்கு நீ போகாதே, மாப்பிள்ளையை அனுப்பு. தனியாக, கையில் தடிகூட இல்லாமல் நிற்கட்டும். ரயிலை விட்டு இறங்கி அந்த முகத்தைப் பார்த்ததும் டோபயஸ் அடிப்பான். அடிக்கட்டும். கை ஓய்கிற வரை வாங்கிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனை வீட்டுக்குக் கூட்டி வரச் சொல்.

உனக்கும் குழந்தைக்கும் ஆண்டவர் துணை. மாப்பிள்ளையை நான் பெற்ற பிள்ளையாக நினைத்துத்தான் இதைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பெர்மீலியா வாடெல்