அண்ணன் சொன்ன சாட்சி

செவ்வாய்க்கிழமை, இரவு. மழை இன்னும் விடவில்லை.

நான் வேலை பார்க்கும் தேடுபொறிக் கம்பெனிக்கு எதிராக இன்று தீர்ப்பு வந்துவிட்டது. இணையத்தில் தங்குமிடம் தேடுகிறவர்களுக்குத் தன்னுடைய புக்கிங் சேவையையே முதலில் காட்டி, மற்றவர்களை நசுக்கியதாம். அந்தச் சேவையைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. என் வேலை அதில்தான். மதியம் வீடியோ மீட்டிங்கில் மேனேஜர், "அப்பீல் போறோம், யாரும் பயப்படாதீங்க" என்றார். அடுத்த மூச்சிலேயே புது வேலைகளையெல்லாம் நிறுத்தி வைக்கச் சொன்னார்.

சாயங்காலம் வடகவுஞ்சி மலைக்கிராமத்திலிருந்து ஸ்டீபன் அண்ணன் ஜீப்பில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கம்பெனிக்குக் கமிஷன் கொடுக்க மறுத்ததிலிருந்து அவருடைய காட்டேஜ் தேடுகிறவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. சீசனிலும் பூட்டித்தான் கிடந்தது.

"கேஸ்ல நானும் சாட்சி சொன்னேன் ஜெசி. உங்கிட்டச் சொன்னா வேணாம்னுருவ. அதான் சொல்லல."

"என் சோலி போயிருமேண்ணே. அத யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். காட்டேஜ வித்துட்டுப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போறதுன்னும் யோசிச்சேன்."

அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை. போட்டு வைத்த டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

அப்பீலில் கம்பெனி ஜெயித்தால் அண்ணனுக்குப் பிழைப்பில்லை. தோற்றால் எனக்கில்லை. படுக்கும் முன் ஜெபம் பண்ண முழங்கால் போட்டேன். எதைக் கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.